மயில்பச்சை கவுனுக்கு நீலத் தொப்பி

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். தொப்பிக்காரிக்கு அன்று அந்த நிலைதான். துணி மாட்டும் பொம்மையின் உடம்பில் தங்கை தைத்த மயில்பச்சை கவுன். தலையில், மூன்று வாரம் பாடுபட்டு அக்காவான அவள் செய்த தொப்பி, மங்கிய நீலத்தில். இரண்டும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி முறைத்துக்கொண்டு நின்றன. இரண்டையும் வாங்கிப்போகப் பாடகியம்மா நாலு மணிக்கு வருகிறாள். மணி மூன்றரை.

"தொப்பிக் கலருக்குன்னு நீ அனுப்பின துணித்துண்டு நீலமாத்தானே இருந்துச்சு?"

"அந்தத் துணிக்கு ரெண்டு பக்கமும் வேற வேற கலர்க்கா. நீலம் உள்பக்கம். உள்பக்கத்துல சாக்பீஸால பெருக்கல் குறி போட்டுத்தான் குடுப்பேன்." தங்கை உதட்டைக் கடித்தாள். "இந்தத் தடவை மறந்துட்டேன் போல. அந்தம்மாகிட்ட நானே சொல்லிடறேன்."

தொப்பிக்காரிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. துண்டு கசங்கி வந்திருந்தது. தொப்பி செய்கிறவர்கள் எதையும் ஆவியில் காட்டாமல் தொடமாட்டார்கள். கெட்டில் மூக்கில் காட்டினாள். வெள்ளையாக ஏதோ மறைந்தது. தூசி என்று விட்டுவிட்டாள். பாவி!

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மணப்பெண்ணின் முகத்திரை இஸ்திரியில் கருகியது. பழி தங்கை மேல் விழுந்தது. அக்கா வாய் திறக்கவில்லை. தங்கை தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனவள், இந்தக் கவுனுக்காகத்தான் திரும்பி வந்திருக்கிறாள். இன்று உண்மையைச் சொன்னால் அன்றைய குட்டும் உடையும். மறுபடி போய்விடுவாள். சொல்லாவிட்டால் இங்கேயே இருப்பாள். எவ்வளவு சுலபம்!

தங்கை அதற்குள் கவுனைப் பொம்மையிலிருந்து கழற்றிக் கத்தரியை எடுத்துவிட்டாள். "காலரையும் கைமடிப்பையும் பிரிச்சு உள்பக்கத்தைத் திருப்பித் தைக்கறேன். நீலம் வெளிய வந்துடும். தொப்பியோட சேந்துடும்."

காலர் கழன்று விழுவதற்கும் பாடகி உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது.

"ஐயையோ! யாரு பண்ண வேலை இது?"

"நான்தாம்மா, குறி போட..."

"அவ இல்ல!" தொப்பிக்காரியின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "குறி போட்டுத்தான் குடுத்தா. நான்தான் ஆவில காட்டி அழிச்சேன்."

"யாரு தப்பா இருந்தா எனக்கென்ன? ஏழு மணிக்கு நான் மேடையில நிக்கணும்." பாடகி நாற்காலியை இழுத்துப் போட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

தங்கை நிமிராமலே ஊசியில் நூல் கோத்தாள். "தெரியும். குறி போடாம நான் ஒரு துண்டும் குடுத்ததில்ல. நீ சொல்றியான்னு பாத்தேன்." நூலில் முடிச்சுப் போட்டபடி கேட்டாள். "அந்த முகத்திரை?"

"அதுவும் நான்தான்டி."

ஊசி நின்றது. தங்கையின் கண் நிறைந்துவிட்டது. இப்போது எழுந்து போவாள் என்று அக்கா கதவைப் பார்த்தாள். போகவில்லை. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கவுனின் இடது கையை அக்கா மடியில் போட்டாள்.

"இந்தக் கைமடிப்பை நீ பிரி. ஆவி மட்டும் காட்டாத."