பம்பு அறைக்காரி

பயிற்சியாளர் கண்ணை மூடச் சொன்னதும் நர்மதாவும் மூடிக்கொண்டாள். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி அது. கேண்டீனில் அறுபது பேர் சம்மணம் போட்டிருந்தார்கள். இந்தக் கணத்தில் வாழ்வது எப்படி என்று வகுப்பு. உலைக்காரர்கள் ஆறு பேர் தவிர, போட்டோவில் ஒரு தலை குறையக்கூடாதென்று எச்.ஆர். அதிகாரி மோகன்ராஜ் பம்பு ஆபரேட்டர் எட்வர்டையும் ஹெல்பர் நர்மதாவையும்கூட இழுத்து வந்துவிட்டார். உலை எரிகிறது. அதைக் குளிர்விக்கத் தண்ணீர் அனுப்பும் பம்பு அறையில் ஈ காக்கை இல்லை. கூத்தைப் பாருங்கள்!

"பாதியில எழுந்தா பர்மனெண்ட் லிஸ்ட்ல பேரு இருக்காது" என்று வாசலிலேயே சொல்லியிருந்தார் மோகன்ராஜ். ஏழு வருஷமாக நர்மதா காண்ட்ராக்ட்தான். இந்த முறை லிஸ்டில் நாலாவது பெயர் அவளுடையது. எளாவூரில் அவள் மாமியார் மணியம்மாள் அதைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்தாயிற்று.

"மூச்சை மட்டும் கவனிங்க" என்றார் பயிற்சியாளர்.

அவளும் கவனிக்கத்தான் பார்த்தாள். காது விட்டால்தானே! சுவருக்கு அந்தப் பக்கம் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. ஏழு வருஷமாக அதன் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றவள் அவள். இன்று சத்தம் மெலிந்து, நடுநடுவே கரகரத்தது. தண்ணீர் சரியாக ஏறவில்லை. ஏறாவிட்டால் உலை வெடிக்கும், பக்கத்தில் ஆறு பேர் நிற்கிறார்கள். லிஸ்ட் நினைவுக்கு வந்தது. ஆனாலும் எழுந்துவிட்டாள்.

"மனசு அலையுதும்மா. திரும்பக் கூட்டிட்டு வாங்க" என்றார் பயிற்சியாளர்.

"எம் மனசு எங்கியும் போவல சார். பம்புதான் நிக்கப் போவுது."

ஓடினாள். பின்னாலேயே எட்வர்ட். அவசரத்துக்கென்று வைத்திருந்த இரண்டாவது பம்பின் வால்வைத் திறந்து சுவிட்சைப் போட்டாள். மீட்டர் முள் மெல்ல ஏறியது. அப்புறம்தான் அவளுக்கு மூச்சே வந்தது. பழைய பம்பின் வடிகட்டியைக் கழற்றினால், உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை அடைத்துக்கொண்டிருந்தது.

மோகன்ராஜ் மூச்சிரைக்க வந்தார். "சொன்னது ஞாபகம் இல்லியா உனக்கு?"

அவள் பையைத் தூக்கிக் காட்டினாள்.

எட்வர்ட் பம்பு ரிஜிஸ்டரைப் பிரித்தான். இத்தனை வருஷமும் வேலையில் பாதி அவளுடையது, கையெழுத்து முழுக்க அவனுடையது. பேனாவை அவளிடம் நீட்டினான்.

"நீயே போடுக்கா. நான் கண்ண மூடிக்கினு குந்தினு இருந்தேன்."

"ஹெல்பர் போடக்கூடாதுப்பா" என்றார் மோகன்ராஜ்.

"அப்போ நீங்க போடுங்க சார். நீங்கதான பம்ப மாத்துனீங்க?" என்றான் எட்வர்ட்.

நர்மதாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஈரக் கையைக் காக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டு, எஸ்.நர்மதா என்று இனிஷியலோடு, கட்டத்தைத் தாண்டி வழியும்படி பெரிதாக எழுதினாள்.