தெருவைச் சுற்றி வந்த கோப்பு

1.
இது என் சொந்தச் சரக்கு இல்லை. அக்காவின் ஆபீசில் அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர், கண்ணாடிக்காரர் என்று வைத்துக்கொள்வோம், போனில் சொன்னது. அக்கா இதே வீட்டில் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். அவளிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். உங்களுக்கு அக்கா இல்லை போலிருக்கிறது.

2.
முதல் தொடக்கம்: 'திரையின் வெளிச்சத்தில் அவள் கண்கள் மெல்லக் கலங்—'

அடித்துவிட்டேன். அக்கா அழுகிற ரகம் இல்லை.*

இரண்டாவது: படுக்கையில் விழுந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவள், அவர் போனபின் திரும்ப வேலை தேடினாள். மூன்று மாதம் பார்ப்போம் என்று ஓர் இடத்தில் எடுத்தார்கள். அந்த மூன்று மாதம் இன்றோடு முடிகிறது.

* அப்பா போன அன்றும் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள்.

3.
கடைசி நாள் வேலை, ஒரு கால்நடை மருத்துவமனையின் இணையதளம். பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதியது. உள்ளே நுழைந்தவர் யார் என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் நினைவில் வைத்திருப்பது செஷன். பக்கத்தின் நடுப்பகுதி ஆளைச் சரியாக அடையாளம் கண்டது. எல்லாப் பக்கத்திலும் சேர்க்கப்படும் தனிக் கோப்பான மேல்பட்டை மட்டும், 'நீங்கள் யார்? உள்நுழையவும்' என்றது.

செஷனைத் தொடங்கும் வரி முதலில் இருக்கிறதா? இருந்தது. அதற்கு மேலே ஒரு வெற்று வரி இருந்தாலும் கெட்டுவிடும், இருக்கிறதா? இல்லை. மேல்பட்டைக்குள் செஷனில் என்ன இருக்கிறது என்று திரையில் அச்சிட்டுப் பார்த்தாள். காலி.

"என்னம்மா, சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடுமா?" என்றார் மேலாளர்.

"முடிஞ்சிடும் சார்," என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு

[இந்த இடத்தில் அக்காவே என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"யாருடா இவ, பல்லைக் கடிச்சிட்டு உட்கார்ந்திருக்கா?"

"கற்பனைக்கா."

"அப்போ அவளுக்கு ஒரு டீ போட்டுக் குடு. அதையாவது நிஜமா போடு."

என்ன ஆச்சு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.]

4.
கோளாறு, மேல்பட்டையைச் சேர்க்கும் வரியில் இருந்தது. அந்த வேலையில் முன்பு இருந்தவர், பக்கத்திலேயே கிடக்கும் கோப்புக்கு முழு இணைய முகவரியை எழுதி வைத்திருந்தார். அதனால் சர்வர், அதாவது இணையதளம் குடியிருக்கும் கணினி, அதைத் தன் வீட்டுக்குள்ளேயே எடுக்காமல், தெருவில் இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்து முன்வாசலில் நின்று கேட்டது. வாசலில் நிற்பவரை யாருக்குத் தெரியும்? புது ஆள், புது செஷன். தானே வீட்டுக்காரன் என்பது அந்தச் சர்வருக்கே உறைக்கவில்லை. இதைக் கேட்டு நான் போனில் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அக்கா முகவரியை அழித்து, கோப்பு இருக்கும் இடத்தை மட்டும் எழுதினாள். மேல்பட்டைக்கு ஆள் தெரிந்துவிட்டது. சோதித்துப் பார்க்க அவள் கொடுத்திருந்த பெயரோடு வரவேற்றது.

'வாங்க, அப்பா.'

அக்கா எழுந்து முகம் கழுவப் போனாளாம். திரும்பி வர ரொம்ப நேரமாயிற்றாம்.

5.
முடிவு (அ): மேலாளர் கூப்பிட்டு, "நாளையிலிருந்து நீங்க நிரந்தரம்மா" என்கிறார்.

முடிவு (ஆ): "சொல்லி அனுப்புறோம்மா" என்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

எது நடந்தது? அவளை உள்ளே கூப்பிடுவதற்கு முன்பே கண்ணாடிக்காரர் கிளம்பிவிட்டார். இப்போது திரும்பவும் போன் போட்டேன்.

"உங்க அக்காதானே சார்? அவங்களையே கேளுங்களேன்," என்று வைத்துவிட்டார்.

அசடு வழிந்தேன். சர்வரைப் பார்த்துச் சிரித்தவன் நான். அக்கா அழுததைக்கூடத் தெருவைச் சுற்றித்தான் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

அதனால் முடிவு உங்கள் பாடு. (அ)வோ (ஆ)வோ, பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். டீ கொதித்துவிட்டது, இரண்டு டம்ளர். கதவு சாத்தித்தான் இருக்கிறது, தாழ் போடவில்லை. டம்ளரோடு தட்டப் போன கையைக் கீழே இறக்கிவிட்டு, தோளால் தள்ளி,

"அக்கா,