ஒட்டிக்கொண்டு போன கடைசித் தாள்

பழைய புத்தகங்களைக் கூழாக்கும் கொட்டகை அது. பதினொரு பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். அவர்களில் படிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் அவளுக்குக் கண்ணாடி என்றே பெயர் விழுந்துவிட்டது. பக்கத்துப் பலகையில் அவளுடைய நாத்தனார். காகிதத் தூசி ஒத்துக்கொள்ளாத நெஞ்சு அவளுக்கு, பாவம். அடிக்கடி மூச்சு இழுத்துக்கொள்ளும்.

மூச்சு முட்டினால் வெளியே போய்க் காற்று வாங்கலாமே என்பீர்கள். போக முடியாது. புத்தகம் திருட்டுப் போகிறது என்று மேஸ்திரி வெளியே பூட்டுப் போட்டிருந்தான். கூழுக்குப் போகிற குப்பையை யாரய்யா திருடுவார்கள் என்று கேட்டவளுக்கு மறுநாள் வேலை இல்லை. போன வாரம் நாத்தனாருக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. மற்றவர்கள் கதவைத் தட்டு தட்டென்று தட்டி, மேஸ்திரி சாவியோடு வந்து திறந்த பிறகுதான் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த முறை திரும்பி வராது என்று கண்ணாடிக்குத் தெரியும். பூட்டு போயாக வேண்டும். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

வேலை இதுதான். கத்தியால் புத்தகத்தின் முதுகைக் கீறி, பின்னட்டையை ஒரே இழுப்பில் பிய்க்க வேண்டும். பசை பட்டால் கூழ் கெட்டுவிடும். அதனால் அட்டையைச் சுவரில் இருந்த துவாரத்தில் வீசுவார்கள். அந்தப் பக்கம் அடுப்பு. கடைசித் தாள் எப்போதும் அட்டையோடு ஒட்டிக்கொண்டே போய்விடும். மீதித் தாள்கள் தொட்டிக்கு.

அந்த வாரம் ஒரே புத்தகம் மூட்டை மூட்டையாக வந்தது. கண்ணாடி முதல் பிரதியில் முதல் பக்கத்தைப் படித்தாள், அடுத்த பிரதியில் அடுத்த பக்கத்தை. கை பாட்டுக்குக் கிழித்தது, கண் பாட்டுக்குப் படித்தது. படித்ததைச் சாப்பாட்டு வேளையில் எல்லோருக்கும் சொன்னாள். எங்கோ பனி கொட்டுகிற நாட்டுக் கதை. கம்பளி நூற்கும் பெண்களை முதலாளி உள்ளே வைத்துப் பூட்டுகிறான்.

"அங்கயும் பூட்டா?" என்றாள் எல்லோருக்கும் மூத்தவளான பெரியக்கா.

"எந்த ஊர்லயும் பூட்டு பூட்டுதானே பெரியக்கா."

"அப்போ நம்ம மேஸ்திரிக்கு அங்க ஒரு சித்தப்பன் இருக்கான்னு சொல்லு."

ஐந்தாம் நாள் கதை உச்சிக்கு ஏறியது. கம்பளிப் பெண்கள் நூற்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். கதவுக்கு வெளியே முதலாளியின் சாவிக்கொத்து குலுங்குகிறது. பக்கம் அதோடு முடிந்தது. மிச்சம் கடைசித் தாளில். கண்ணாடியின் கையில் இருந்ததோ அந்தப் புத்தகத்தில் மிஞ்சிய கடைசிப் பிரதி.

எத்தனை வருஷத்துப் பழக்கம். நில் என்று மனம் சொல்வதற்குள் கை சர்ரென்று இழுத்து, அட்டையைத் துவாரத்தில் வீசிவிட்டது. தன் கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, கதவைத் தொறந்தானா?" என்றாள் நாத்தனார்.

"முடிவை நானே அடுப்புல போட்டுட்டேன்டி."

"தொறந்திருக்க மாட்டான். பட்டினி போட்டிருப்பான்" என்றாள் ஒருத்தி.

"தொறந்திருப்பான். நூல் நின்னா அவன் பொழப்பும்ல நிக்கும்" என்றாள் பெரியக்கா.

நாத்தனாருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. இழுப்புக்கு நடுவே சிரித்தாள். "நம்ம கதவுல... பாத்துட்டா... தெரிஞ்சிடும்ல அண்ணி."

கண்ணாடி கத்தியைக் கீழே வைத்தாள். பெரியக்காவும் வைத்தாள். ஒவ்வொன்றாகப் பதினொரு கத்திகளும் தரைக்கு வந்தன. தொட்டியில் தாள் விழுவது நின்றது. தாள் விழ விழத்தான் கூழ் அடியில் தங்காமல் சுழலும்; நின்றால் சீக்கிரமே கல்லாக இறுகிவிடும். சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆகும். இது மேஸ்திரிக்கு அவர்களைவிட நன்றாகத் தெரியும். ஓடி வந்தான்.

"என்னடி சத்தத்தையே காணோம்?" என்றான் கதவுக்கு வெளியிலிருந்து.

"காத்து வேணும்" என்றாள் கண்ணாடி. "பூட்டை எடுங்க, வேலை நடக்கும்."

"நாளைக்கே எல்லாரையும் மாத்திடுவேன்."

"நாளைக்கு மாத்துங்க. கூழு இன்னைக்கே இறுகிடும்."

வெளியே செருப்புச் சத்தம் அங்குமிங்கும் நடந்தது. நாத்தனாரின் முதுகைத் தடவிக்கொண்டே கண்ணாடி அவளுடைய மூச்சுகளை எண்ணினாள். நாற்பது. நாற்பத்தொன்று. மேஸ்திரியைக் கூப்பிட்டு விட்டுக்கொடுத்துவிடலாமா என்று கதவைப் பார்த்தாள். அவள் கையை நாத்தனார் இறுகப் பிடித்து, வேண்டாம் என்று தலையாட்டினாள். அறுபதைத் தாண்டியபோது சாவி திரும்பியது.

காற்று உள்ளே வந்தது. நாத்தனாரை வாசலில் உட்காரவைத்தார்கள்.

"யாரு சொல்லிக் குடுத்தது?" என்றான் மேஸ்திரி.

"புத்தகத்துல போட்டிருந்துச்சு" என்றாள் பெரியக்கா.

"எந்தப் புத்தகம்?"

"அதான் அந்தத் தொட்டியில கெடக்கே. வேணும்னா தேடிக்க தம்பி."

பூட்டு அவன் கையிலேயே இருந்தது. கண்ணாடி ஒரு கட்டுப் புத்தகத்தை இழுத்து வந்து கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். பிறகு பலகைக்குத் திரும்பி, அடுத்த மூட்டையைப் பிரித்து, புதுப் புத்தகம் ஒன்றை எடுத்தாள். இந்த முறை பின்னட்டையின் மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டாள்.