பெல்ட்டோடு உறங்கியவர்

அப்பாவின் இடது காலைப் பைஜாமாவுக்குள் நுழைத்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பேன்ட்டப் போடு.”

“இன்னிக்காவது நிம்மதியா படுக்கட்டுமேம்மா.”

அம்மா பிடித்த கையை விடவில்லை.

விடியற்காலையில் உயிர் போயிருந்தது. குளிப்பாட்டித் துடைத்தாயிற்று; உறவுக்காரர்கள் வருவதற்குள் உடுத்திவிட வேண்டும். அந்தப் பைஜாமா, மகள் தன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அப்பா அதை ஒரே ஒரு நாள், பேன்ட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, கூடத்தில் இப்படியும் அப்படியும் நடந்து காட்டிவிட்டு மடித்து வைத்துவிட்டார்.

அப்பாவுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. எந்த அகாலத்தில் கூப்பிட்டாலும் பேன்ட், சட்டை, பெல்ட், ஷூவோடு தயாராக இருப்பார். அவருடைய கடமையுணர்ச்சியை மெச்சி கம்பெனியில் கேடயம்கூடக் கொடுத்தார்கள். மனிதர் வாயைத் திறக்காமல் வாங்கிவந்து அலமாரியில் வைத்தார். அவர் தூங்குவதே அப்படித்தான் என்பது வீட்டுக்குத்தானே தெரியும்.

போர் நடந்த காலத்தில் அவர் சின்னப் பையன். ஒரு ராத்திரி குண்டு விழத் தொடங்கியதும் குடும்பமே தெருவுக்கு ஓடியது. அவருடைய அப்பா மட்டும் உள்ளாடையோடு நிற்க வெட்கப்பட்டு, சட்டையை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே திரும்பிப் போனார். வரவில்லை.

மகள் பிறந்தது எல்லாம் ஓய்ந்த பிறகு, வேறு ஊரில். ஒரு துப்பாக்கியைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அவளும் ஜீன்ஸோடுதான் தூங்குவாள். எங்கேயாவது ஓடிப்போகிற உத்தேசமா என்று கணவன் கல்யாணமான புதிதில் கேலி செய்திருக்கிறான். போன மாதம் அவளுடைய ஆறு வயதுக் குழந்தை, ஸ்கூல் யூனிஃபார்மைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்து அதோடேயே படுத்தது. இந்தப் பீடை அப்பாவோடு ஒழியட்டும் என்று அன்றைக்கு அவள் நினைத்தாள். அப்பாவை ஒரு தடவை பைஜாமாவில் படுக்கவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுக்கு ஒரு குருட்டு நம்பிக்கை.

“இப்படிப் போனா அவருக்குக் கூச்சமா இருக்கும்டி” என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நானும் வெளிய போற துணியோடதானே படுத்தேன் இத்தன வருஷம். பயந்துகிட்டா? அவர் மட்டும் தனியா தயாரா இருக்கக் கூடாதுன்னுதான்.”

மகளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. பைஜாமாவை உருவிவிட்டுப் பேன்ட்டை எடுத்தாள். பெல்ட்டை மாட்டியபோது, லூசாக இருந்தால் அவருக்குப் பிடிக்காது, இன்னும் ஒரு ஓட்டை தள்ளிப் போடு என்றாள் அம்மா. இருவருமாக இழுத்து மாட்டினார்கள். ஷூ நாடாவை அம்மாவே கட்டினாள்.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் கிளம்பிப் போனார்கள். கணவன் குழந்தையைக் கூட்டிக்கொண்டு சாப்பாடு வாங்கப் போயிருந்தான். அம்மா உள்ளறையிலிருந்து ஒரு பூப்போட்ட நைட்டியில் வெளியே வந்தாள். கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை.

“சிரிக்காத. இனிமே யாருக்குத் துணை இருக்கப் போறேன்?”

மகள் சிரித்துத்தான் விட்டாள். ரொம்ப அழகாக இருக்கிறது என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நீயும் மாற்றிக்கொண்டு படு என்று சொன்ன அம்மா, சொல்லி முடிப்பதற்குள் கட்டிலில் குறட்டை விட ஆரம்பித்தாள். மகளுக்கும் ஆசைதான். பையிலிருந்து நைட் டிரஸ்ஸைக் கையில் எடுத்தும்விட்டாள். வெளியே யாரோ மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும்.

துணியைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். அம்மாவின் கால்களைப் போர்வையால் மூடினாள். பிறகு ஒரு நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.