நூலில் அளந்த கணவாய்

அனுமதிச் சீட்டுக்கான இணையப் பக்கம் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். ஏழரைக்கே நான் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். அக்கா துணி வெட்டும் மேசையைக் காலி செய்து, தேசியப் பூங்காவின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள். நான்கு மூலைக்கும் பாரம்: இஸ்திரிப் பெட்டி, பெரிய கத்தரி, பொத்தான் டப்பா, அத்தானின் காபி டம்ளர். அத்தான் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அன்று அவருக்கு விடுமுறை. ஒவ்வொரு முறை அவர் டம்ளரை எடுக்கும்போதும் அந்த மூலை சுருண்டது. தான் ஒரு வாய் குடித்தால் ஒரு மலை காணாமல் போகிறதே என்று அலுத்துக்கொண்டார்.

முன்னறைதான் அக்காவின் தையல் கடை. தைத்து முடித்த சட்டைகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. மதியம் கொடுக்க வேண்டிய ஒரு கால்சட்டைத் துணி, வெட்டியும் தைக்காமலும் இயந்திரத்தின் மேல் கிடந்தது. அக்கா அதைத் தொடவில்லை. அப்படி ஒரு வேலையைக் காக்க வைத்து அவளை நான் பார்த்ததில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்னால் நாங்கள் இருவரும் அதே பூங்காவில், பெரிய கணவாய்க்குக் கீழே நின்றோம். இன்னும் ஒரு மணி நேரம் ஏறினால் உச்சி. பனி மூட்டம் இறங்கியது. திரும்பிவிடலாம் என்று சொன்னவன் நான்தான். இறங்கும்போது ஈரப் பாறையில் அக்கா வழுக்கி விழுந்தாள். முழங்காலில் அறுவை சிகிச்சை, ஊன்றுகோல், எட்டு மாதம் இயந்திரத்தை மிதிக்க முடியாத நிலை. அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அதற்குப் பதிலாக, ஏதாவது சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது, கணவாய்க்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்பாள். எனக்குத் தெரியாது என்பேன். அவள் அடுத்த காஜாவுக்குப் போய்விடுவாள்.

இந்தப் பருவத்தோடு அந்தப் பாதையை மூடுகிறார்கள். மண் சரிந்துகொண்டே வருவதால் ஆறு வருடம் யாரும் போக முடியாது. அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. அறிவிப்பைப் படித்த அன்றே அவள் பயிற்சியைத் தொடங்கிவிட்டாள். முதுகுப்பையில் துணிச் சுருள்களைத் திணித்துக்கொண்டு, குடியிருப்பின் நான்கு மாடிப் படிகளை நாள்தோறும் இருபது முறை ஏறி இறங்கினாள். மூன்றாம் மாடிக்காரம்மா லிஃப்ட் எப்போது சரியாகும் என்று கவலையோடு தன்னிடம் கேட்டதாக அத்தான் சொன்னார். பிசியோதெரபி செய்த பெண் கடைசியில் சம்மதித்தாள். கையில் இரண்டு கோல் வேண்டும், ஏற்றம் பரவாயில்லை, ஆனால் ஒரு நாளைக்குப் பதினான்கு கிலோமீட்டர்தான், அதற்கு மேல் கூடாது.

அந்தப் பதினான்கில்தான் சிக்கல் வந்தது. கணவாயைத் தாண்டும் நாளில் நடுவில் எங்கும் கூடாரம் போடக் கூடாது. ஏரிக்கரையில் கிளம்பினால் அந்தப் பக்கத்து முகாம் வரை ஒரே நடை. பூங்காவின் கையேட்டில் மணிக்கணக்கு மட்டும்தான் இருந்தது. கைப்பேசி வரைபடத்தில் அந்தப் பாதையே இல்லை, வெறும் சாம்பல் நிறம். அதனால் அக்கா தன் வழியில் அளந்தாள். வரைபடத்தில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். பாலத்திலிருந்து மரங்கள் முடியும் இடம், அங்கிருந்து பாறைச் சரிவு என்று பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் வளைவுகளிலும் சிவப்பு நூலைப் படியவைத்து வெட்டினாள். வெட்டிய நூல்களை ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதினாள். கணவாய் நாளுக்கு ஆறு நூல். கூட்டினால் பதினேழு கிலோமீட்டரும் கொஞ்சமும் வந்தது.

அக்கா இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள். பிறகு, சரி, ஆற்றோரப் பாதையில் போகலாம், அதுவும் நல்ல பாதைதானாம் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கை ஒரு பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். எதையும் கடைசியாக ஒரு முறை பார்க்காமல் கையைவிட்டு அனுப்ப மாட்டேன். எட்டே கால் மணிக்கு, செய்ய வேறு எதுவும் இல்லாமல், அட்டையிலிருந்து ஒரு நூலைப் பிரித்து வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். ஆற்றோரப் பாதையையும் அக்கா அளந்து ஒட்டியிருந்தாள்; அதன் முதல் துண்டு அது. முகாமைத் தாண்டி நூல் ஆற்றுக்குள் இறங்கியது. என் கைதான் சரியில்லை என்று நினைத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் ஆறு. அடுத்த நூலை எடுத்தேன். அதுவும் அதே அளவு நீண்டது. கணவாய் நூல்களில் இரண்டைப் பிரித்தேன். எல்லாமே ஏறக்குறைய அரை அங்குலம் அதிகம்.

அக்கா ஜன்னல் பக்கம் நின்று முழங்காலுக்கான பட்டையைக் கட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். அத்தான் சமையலறையில் இருந்தார். நாற்பது நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஆற்றோரம் பதிவாகிவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த ஈரப் பாறையில் அவள் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கும். இன்னொரு தடவை அந்தச் சத்தம் வேண்டாம் என்றுதான் தோன்றியது. ஆனால் பட்டையைக் கட்டி முடித்தவள் காலை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டி, தனக்குத்தானே தலையாட்டினாள். புதுச் செருப்புப் போட்டுப் பார்க்கும் குழந்தையைப்போல இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்காக நான் முடிவெடுத்தேன். இன்றைக்கும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன் என்று புரிந்தது.

"அக்கா, இங்க வா. என் கண் முன்னாடி ஒரு துண்டு அளந்து காட்டு."

ஏன் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஏரிக்கரையிலிருந்து முதல் ஓடை வரை நூலை வளைத்து வைத்தாள். ஓடையில் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினாள். கத்தரி வந்தது. நகத்தின் ஓரத்தில் வெட்டாமல், கால் அங்குலம் தள்ளிப் போய் வெட்டியது. தொடங்கும் முனையைப் பார்த்தேன். அங்கேயும் கால் அங்குலம் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் தள்ளி வெட்டுன?"

"தையலுக்கு விட வேண்டாமா?" என்றாள்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். கத்தரி திறந்தபடி இருந்தது. முப்பது வருடமாகத் துணி வெட்டிய கை அது. எதை அளந்தாலும் இரண்டு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டுத்தான் வெட்டும். அவளைக் கேட்டுக்கொண்டு அது செய்வதில்லை.

அத்தான் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் வரைபடத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, மலைக்கும் மலைக்கும் நடுவுல தையல் போடப் போறியா நீ?"

அக்கா சிரிக்கத் தொடங்கினாள். இயந்திரத்தின் நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நடுவில் சட்டென்று நிறுத்திவிட்டு, ஆறு நூல், ஆறு அரை அங்குலம், எவ்வளவு வருகிறது என்று கேட்டாள். நான் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தேன். ஒரு நூலுக்கு அறுநூறு மீட்டருக்கு மேல். மொத்தம் மூன்றே முக்கால் கிலோமீட்டர் கழியும்.

"அப்போ பதிமூணரைதான்டா," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "பதினாலுக்குள்ள வந்துடுச்சு."

மணி எட்டு முப்பத்தைந்து.

அதன் பிறகு அந்த அறையில் யாரும் உட்காரவில்லை. ஆறு துண்டையும் மறுபடி அளந்தோம். இம்முறை நூலை அக்கா வைத்தாள், கத்தரியை நான் வாங்கிக்கொண்டேன். பதிமூன்று புள்ளி நான்கு. ஆற்றோரத் திட்டம் முழுவதையும் அடித்துவிட்டு மறுபக்கத்தில் எழுதினேன். முதல் இரவு காட்டு முகாம், இரண்டாம் இரவு ஏரிக்கரை, மூன்றாம் நாள் கணவாய், நான்காம் நாள் கிழக்கு வாயில். அப்போதுதான் கார் மேற்கு வாயிலில் நிற்கும் என்பது உறைத்தது. இரண்டு வாயிலுக்கும் நடுவே சாலை வழியாக நூற்றைம்பது கிலோமீட்டர். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் கரண்டியை மேசையில் வைத்தார், மலைகளின் மேலேயே.

"என்னைப் பார்க்காதீங்க மாப்ளே. நான் ரோடு இருந்தா எங்க வேணும்னாலும் வருவேன். கிழக்கு வாசல்ல வந்து நிக்கிறேன். ஆனா சொன்ன நேரத்துக்கு வரணும், நான் நிறுத்தத்துல காத்திருந்து பழக்கமில்லாதவன்."

எட்டு ஐம்பத்தெட்டு. கைப்பேசியை நான் பிடித்திருந்தேன். அக்கா என் தோளுக்குப் பின்னால் மூச்சுவிட்டாள். நான் அவளிடம் திரும்பி, அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். அன்றைக்கு மேலே நின்றபோதும் பனிக்காக மட்டும் திரும்பச் சொல்லவில்லை, பயந்துதான் சொன்னேன் என்றேன். இதைச் சொல்ல மூன்று வருடம் ஆகியிருந்தது. நேரம் பார்த்துச் சொல்லத் தெரியாதவன் நான்.

அவள் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"தெரியும்டா. எனக்கும்தான் பயம். பக்கம் திறந்துடுச்சு, முதல்ல அதைப் பாரு."

பக்கம் திறந்திருந்தது. காட்டு முகாம், சரி. ஏரிக்கரை, ஆறு கூடார இடத்தில் இரண்டுதான் மிச்சம் காட்டியது. பெயர் அடிக்கும்போது ஒரு எழுத்து தவறி விழுந்தது. திருத்தினேன். இரண்டு ஒன்றாகிவிட்டது. அத்தான், பேருந்துக்குள் ஆள் ஏற்றுவதுபோல, உள்ளே போ, உள்ளே போ என்று முணுமுணுத்தார். பொத்தானை அழுத்தினேன். வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது. பிறகு பச்சைக் குறியும் ஒரு நீண்ட எண்ணும் வந்தன.

எழுதிக்கொள், பக்கம் மறைந்துவிடும் என்றேன். அக்கா கைக்குக் கிடைத்த சாக்கட்டியை எடுத்தாள். நான் எண்ணைப் படிக்கப் படிக்க, பெரிய பெரிய எழுத்தாக எழுதினாள். கடைசி எண்ணையும் எழுதி, அதன் கீழே அழுத்தி ஒரு கோடு போட்ட பிறகுதான் எதன் மேல் எழுதியிருக்கிறோம் என்று பார்த்தாள். மதியம் கொடுக்க வேண்டிய கால்சட்டைத் துணி.

தட்டினால் போய்விடும் என்று அத்தான் கையை நீட்டினார். அக்கா அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

"உள்பக்கம்தானே. அப்படியே இருக்கட்டும்."

நான் எண்ணை அட்டையின் ஓரத்தில் எழுதிக்கொண்டதும், துணியை மடித்து ஊசிக்குக் கீழே கொடுத்தாள். விழுந்ததிலிருந்து நல்ல காலால்தான் மிதித்துப் பழகியிருந்தாள். அன்று அறுவை செய்த காலை வைத்து மிதித்தாள்.