பெண்கள் போகாத பாதை

நான் சொன்னது பொய் இல்லை. "நாங்க அந்தப் பாதையில போனதே இல்லைங்க" என்றேன். விசாரிக்க வந்தவர் எழுதிக்கொண்டார், நான் கைநாட்டு வைத்தேன். கேட்டதற்குப் பதில் சொல்வது ஒரு குற்றமா?

அன்றைக்கு ஊர் ஆண்கள் எல்லாம் வைக்கோல் வண்டிகளோடு மதுரைக்குப் போயிருந்தார்கள். தாலுகா ஆபீசிலிருந்து ஞானசீலன் என்று ஒரு கிளார்க், நாகமலை புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி வாடகை சைக்கிளில் வந்து சேர்ந்தார். எங்கள் ஊருக்கும் ஓடைக்கும் நடுவில் கிடக்கிற முப்பது ஏக்கர் மானாவாரியை மதுரைக்காரர்கள் வாங்கி வீட்டுமனை போடப் போகிறார்களாம். அதற்குள் கோயில் உண்டா, கிணறு உண்டா, ஜனங்கள் நடக்கிற பாதை உண்டா என்று விசாரித்து எழுத வேண்டுமாம். வேப்பமரத்தடியில் புளி தட்டிக்கொண்டிருந்த எங்களிடம் கேட்டார். கோயில் இல்லை என்றோம். கிணறு தூர்ந்துபோச்சு என்றோம். பாதை மட்டும் இருக்கிறது, ஆனால் அது சுடுகாட்டுக்குப் போகிற பாதை. எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, ஊர்க் கோடியில் இருக்கிற மந்தைத் திடலோடு நின்றுவிடுவோம். அதனால்தான் போனதே இல்லை என்றேன். சுடுகாடு என்ற சொல்லை நான் வாயில் எடுக்கவில்லை. புருஷன் நோயில் கிடக்கும்போது எவள் எடுப்பாள்?

பத்தாம் நாள் சாவடிச் சுவரில் காகிதம் ஒட்டிவிட்டார்கள். பாதை உபயோகத்தில் இல்லை, ஆட்சேபம் இருந்தால் அடுத்த மாதம் இரண்டாவது வியாழக்கிழமை மறுவிசாரணையில் சொல்லலாம் என்று எழுதியிருந்தது. வாசித்துக் காட்டியவர் ஊர்த்தலைவர் நல்லகாமன். என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை.

"தவளை தன் வாயால கெட்டுச்சாம். நீ ஊரையே சேத்துக் கெடுத்துட்டியே மதினி. பாதைய அடைச்சா பொணத்தை எங்குட்டுக் கொண்டுபோறது?"

நியாயமான கேள்விதான். சுற்றிப் போவதென்றால் அடுத்த ஊர்த் தெரு வழியாகத்தான் போக வேண்டும். அயலூர்ப் பிணத்தை எந்த ஊர்க்காரன் தன் தெருவில் விடுவான்? சரி, பாதை நடப்பில் இருக்கிறது என்று காட்டலாமென்றால் அதிலும் ஒரு சிக்கல். இரண்டு வருஷமாக எங்கள் ஊரில் சாவே விழவில்லை. ஆத்தா புண்ணியம் என்று பொங்கல் வைத்துக் கொண்டாடியிருந்தோம். இப்போது பாதையில் காலடித் தடம்கூட இல்லை, கருவேலமுள்தான் கிடந்தது.

அதற்கப்புறம் ஊரார் கண் என் வீட்டுப் பக்கம் திரும்பியது. என் வீட்டுக்காரர் உக்கிரபாண்டிக்கு வயிற்றில் கட்டி. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துக் கஞ்சி கொடுங்கள் என்று சொல்லி அனுப்பி ஆறு மாசமாயிற்று. அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் இப்போது ஆரஞ்சும் ஆர்லிக்சும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். "அண்ணனுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். தேவலை என்றால் முகம் ஒரு மாதிரி ஆகும். துடைப்பத்தை எடுக்க வேண்டும்போல இருக்கும். எடுக்கவில்லை, எனக்கு அலுப்பாக இருந்தது.

அவருக்கும் விளங்கிவிட்டது.

"ஏ புள்ள, ஆபீசர் என்னைக்கு வாராராம்?"

"அடுத்த வியாழக்கிழமை."

"அம்புட்டு நாள் தாங்காது. கொஞ்சம் முன்னாடி வரச் சொல்லு" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஆறு மாசம் பீத்துணி அலசி அலசி மனசு மரத்துப்போயிருந்தது. போர்வையை இழுத்து விட்டுவிட்டு உலை வைக்கப் போனேன்.

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் போய்விட்டார். நல்லகாமன் வந்து என் பக்கத்தில் குத்தவைத்தார். தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"மதினி, தப்பா நினைக்காத. ஐஸ் வாங்கி வச்சு ரெண்டு நாள் போட்டிருந்தா, ஆபீசர் கண்ணால பாத்துருவாரு."

"உசுரோட இருக்கையில காத்துக்கிட்டு இருந்தது பத்தாதா? செத்தும் காக்கணுமா? தூக்குங்க" என்றேன்.

சாயங்காலம் தூக்கினார்கள். மந்தை வந்ததும் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். நான் நிற்கவில்லை. முன்கூட்டித் தீர்மானம் எதுவும் செய்யவில்லை, கால் பாட்டுக்கு நடந்தது. யாரோ என் கையைப் பிடித்தார்கள். உதறினேன். நல்லகாமன் திரும்பிப் பார்த்துவிட்டு முன்னே நடந்தார். முள் குத்தியது தெரிந்தது, வலி தெரியவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக நான் தூரத்திலிருந்து பார்த்த பாதை. நடந்தால் கால் மைல்கூட இல்லை.

வியாழக்கிழமை ஞானசீலன் வந்தார். ஆண்கள் அத்தனை பேரும் சாவடியில் கூடி ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். அவர் என் கைநாட்டு இருந்த தாளை எடுத்து வைத்துக்கொண்டார்.

"அம்மா, போனதே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போக மாட்டோம் சார். அதைத்தான் சொன்னேன்."

அவர் தாளைக் கீழே வைத்தார். "எங்க அம்மாவை அடக்கம் பண்ணினப்போ என் அக்கா தங்கச்சி எல்லாரும் கல்லறைக்கு வந்தாங்கம்மா. எங்கள்ல அதுதான் வழக்கம். இப்படி ஒண்ணு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. கேட்டிருக்கணும், என் தப்புதான்" என்றார். அப்புறம் பேனாவைத் திறந்தார். "நீங்க சொன்னதை நீங்கதான் மாத்தணும். இந்தப் பாதையில போயிருக்கீங்களா?"

"முந்தாநாள் போனேன்."

"எதுக்கு?"

"என் வீட்டுக்காரரைக் கொண்டுபோனோம்."

அவர் தாளில் 'இல்லை' என்றிருந்ததை அடித்துவிட்டு 'உண்டு' என்று எழுதினார். நல்லகாமன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை பேர் போனீங்கன்னும் எழுதணும்மா."

"போறப்ப நாப்பது பேரு" என்றேன். "வாரப்ப முப்பத்தொம்பது."

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. ஞானசீலன் பேனாவை மூடி வைத்துவிட்டு, நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.