மூன்றாவது தடவை

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். என் அப்பா ஆர்விட் டோலெஃப்சனுக்கு ஒன்பதுதான் பறக்கும். மரியாதை மட்டும் கூடவே உட்கார்ந்திருக்கும்.

அமெரிக்காவின் மினசோட்டாவில், நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த எங்கள் பக்கம் ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டால் முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாவது தடவை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்போம். மூன்றாவது தடவைதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவோம். எடுத்த எடுப்பிலேயே சரி என்பவனைச் சாப்பாட்டுக்கு அலைகிறவன் என்று ஊரே பேசும்.

அப்பா பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நன்றாகத்தான் நடந்தது. புண்தான் ஆறவில்லை. உடம்பில் சத்தே இல்லாமல் தையல் எப்படிச் சேரும் என்றார் டாக்டர். இந்த வாரத்துக்குள் சாப்பிடத் தொடங்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே ஆஸ்பத்திரிச் சமையலறையில் மலைபோல் சமைத்துக் கொட்டுகிறார்கள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே தொலைபேசி இருக்கிறது. வேண்டியதைச் சொன்னால் சுடச்சுடக் கொண்டுவந்து வைப்பார்கள்.

என் அப்பாவாவது, போன் போட்டுச் சாப்பாடு கேட்பதாவது. முன்பின் தெரியாத பெண்ணிடம் எனக்குக் கோழி வறுத்து அனுப்பு என்று சொல்வதைவிடப் பட்டினி கிடந்து சாவது மேல் என்று நினைக்கிற ஆள். கைக்கடிகாரம் முழங்கைவரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து வந்து தினமும் சாப்பிட்டீர்களா என்று கேட்பேன். எல்லாம் ஆயிற்று என்பார். டாக்டர் சொல்லும்வரை நானும் நம்பினேன்.

வியாழக்கிழமை லீவு போட்டு மதியமே போனதில்தான் லட்சணம் தெரிந்தது. நர்ஸ் லொரெட்டா உள்ளே வந்தார். டெக்சாஸ்காரர். எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்.

"சாப்பாடு சொல்லட்டுமா கண்ணு?"

"வேணாம்மா. உனக்கு ஆயிரம் வேலை கிடக்கு."

அவர் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அப்பாவின் கண் கதவுவரை அவர் பின்னாலேயே போனது.

"ஏம்ப்பா, பசிக்குதா இல்லையா?"

"பசிக்கிற மாதிரிதான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு வேணாம்னீங்க?"

"அவ ஒரு தடவைதானே கேட்டா."

நான் தலையில் அடித்துக்கொண்டு லொரெட்டாவின் பின்னால் ஓடினேன். நடைபாதையில் வழிமறித்து விஷயத்தைச் சொன்னேன். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஒவ்வொருத்தரிடமும் மூன்று தடவை கெஞ்சிக்கொண்டிருந்தால் மதியச் சாப்பாடு மறுநாள்தான் போய்ச் சேரும் என்றார். பிறகு சட்டென்று நின்றார்.

"இந்த வார்டுல பாதிப் பேர் பசியில்லைன்னுதான் சொல்றாங்க."

"பேரையெல்லாம் பாருங்க. எல்லாம் எங்க ஆளுங்கதான்."

லொரெட்டா வேகமாகக் கீழே போய் இறைச்சி, மசித்த உருளைக்கிழங்கு, ரொட்டி, பால் என்று ஒரு தட்டு நிறைய வைத்துச் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கட்டிலருகே நின்று வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் கேட்டார்.

"சாப்பிடுறீங்களா?"

"வேணாம்மா."

"சாப்பிடுறீங்களா?"

"உனக்கு எதுக்குச் சிரமம்."

"சாப்பிடுறீங்களா?"

"வீணாப் போயிடும்னா, கொஞ்சமா வை."

கொஞ்சமாம். ரொட்டியால் தட்டைத் துடைத்துத் தின்றார். பார்க்கப் பார்க்க எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இத்தனை நாளும் இந்த மனிதர் பசியோடுதான் படுத்திருந்தார். குழாயைப் பற்றிப் பேச டாக்டர் வந்தார், நர்ஸ் வந்தார், நானும் வந்தேன். ஒருவரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

லொரெட்டா என் பக்கம் திரும்பினார். வண்டியில் ஒரு சாண்ட்விச் மிச்சம் இருந்தது.

"நீங்க சாப்பிட்டீங்களா கண்ணு? இதை எடுத்துக்கிறீங்களா?"

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனாலும் பாழாய்ப்போன வாய், "பரவால்லங்க, வேணாம்" என்றது. அவர் தலையாட்டிவிட்டு வண்டியைக் கதவுப் பக்கம் தள்ளினார். சாண்ட்விச் போவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாய் நிறைய ரொட்டியோடு அப்பா குரல் கொடுத்தார்.

"இன்னும் ரெண்டு தடவை கேளும்மா. அவ என் பொண்ணு."